இரண்டு மில்லிசெகண்ட்

ஐந்தரைக்குப் பால் வரும்.
ஓமலூர், காடையாம்பட்டி, வாழப்பாடி,
மலைமேல் நாகலூர் வரைக்கும்
கறவை ஒரே நேரத்தில்தான்.
மாடுகளுக்கு வரிசை தெரியாது.

லிட்டர், கொழுப்பு, உறுப்பினர் எண்.
லாக் கோப்பின் கடைசி வரியாக அது
வட்டில் பதிந்த பிறகுதான்
சங்கத்து மெஷின் சீட்டைத் துப்பும்.
கணக்கில் ஏறுவதெல்லாம் அதற்கும் அப்புறம்.

வட்டு நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு முறை சுற்றும்.
வகுத்துப் பார்த்தேன், நொடிக்கு நூற்றிருபது.
எழுதும் இடம் மறுபடி முள்ளுக்கு அடியில் வர
ஒரு சுற்று நிற்க வேண்டும்.
ஒரு வரவு, ஒரு சுற்று.
ஒரு வரவு, ஒரு சுற்று.
ஆறு மணிக்கு கேன்கள் தெருமுனை தாண்டும்.
ஆறரைக்கு என் போன் அடிக்கும்.
ஏழுக்குள் யாரோ ஒருவர்
பால் புளித்ததற்கு என் பெயரைச் சொல்லியிருப்பார்.

"எழுதினா எழுதட்டும், எழுதாட்டிப் போகட்டும்,
வாங்கியாச்சுன்னு சொல்லிரு பர்வீன்"
என்றார் மேலாளர் அருமைநாதன்.
அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்.
'ஆன்' என்றிருந்ததை 'ஆஃப்' ஆக்கினேன்.
நான்தான்.
கேன்கள் பறந்தன.
சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கித் தந்தார்,
காரம் தூக்கலாக.

சித்திரைக் கடைசியில் சேர்வராயன்மேல் இடி.
ஐந்து நாற்பத்தொன்றுக்கு மின்சாரம் போனது.
யுபிஎஸ் பேட்டரி முந்தின மாதமே செத்துவிட்டது
(கடிதம் போட்டிருந்தேன், நகல் இருக்கிறது).
எழுந்து உட்கார்ந்த சர்வரிடம்
கடைசி முந்நூற்றுப் பதினொரு வரவைக் கேட்டேன்.
நினைவில்லை என்றது.
நினைவில் மட்டுமே வைத்திருந்தது,
அதனால்தான் நினைவில்லை.

முந்நூற்றுப் பத்துப் பேர் போனில் திட்டினார்கள்.
கொளஞ்சி நேரில் வந்தார், நாகலூரிலிருந்து,
சீட்டை பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு.
மூன்று புள்ளி நான்கு லிட்டர்.
"சீட்டு இருக்குது. பணம் ஏறல.
மெஷினு பொய் சொல்லுமா, கண்ணு?"
சொல்லாது என்றேன்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் வரவைக் கையால் ஏற்றினேன்.
சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாகலூர் மெஷினைப் பார்க்கக் கிளம்பினேன்.
அடிவாரத்தில் பஸ்ஸை அணைத்துப்போட்டு
டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
கிளம்பலையா என்றதற்கு,
"இருபது கொண்டை ஊசி.
ஒருத்தரை ஏத்தினாலும் அதே டீசல்தானே?"
தூரத்தில் ஒருவர் கேஸ் அடுப்பைத் தலையில் வைத்து ஓடி வந்தார்,
பின்னாலேயே மூன்று பேர்.
"ரோட்டுல ஆளே இல்லைன்னா
நான் நிக்கவே மாட்டேன்" என்றார்.
ஏழாவது வளைவில் எனக்கு வாந்தி வந்தது.
எட்டாவதில் விடை.

திங்கட்கிழமை மறுபடி 'ஆன்'.
கூடவே இரண்டு மில்லிசெகண்ட் நிறுத்தம்,
பின்னால் யாராவது ஓடி வந்தால் மட்டும்.
முதல் வரவு படியில் நிற்கும்,
மற்றவை தொற்றி ஏறும்,
ஒரே சுற்றில் நாற்பது பேர் மேலே.
பாதை வெட்டிக்கொண்டே பஸ் ஓட்ட வேண்டாமென்று
லாக் கோப்பையும் முன்கூட்டியே நீளமாக ஒதுக்கி
பூஜ்யம் நிரப்பி வைத்தேன்.
வட்டு சொன்ன பிறகே சீட்டு.
"என்னம்மா இவ்வளவு வேகம்,
திரும்ப ஆஃப் பண்ணிட்டியா?" என்றார் அருமைநாதன்.
இல்லை சார், நிறுத்தி ஏற்றுகிறேன்.
அவருக்குப் புரியவில்லை. செட்டும் வரவில்லை.

கொளஞ்சியின் சீட்டு என் பர்ஸில்தான் இருக்கிறது.
வெப்பத்தாள். சேலத்து வெயில்.
எழுத்தெல்லாம் ஆவியாகி
இப்போது வெறும் வெள்ளை.
அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்,
மூன்று புள்ளி நான்கு
எந்த இடத்தில் இருந்தது என்று.